பையருக்கு எழுதும் ஆங்கிலம்: மோசடி, ஷிப்மென்ட், டீம் மூன்றுக்கும் சொற்களை எப்படிப் பழகுவது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில், பையர்களோடு (சரக்கு வாங்குபவர்களோடு) பேசி ஆர்டரை நடத்துகிற மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பன்னிரண்டாவது வரைக்கும் ஊத்துக்குளிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன், அப்புறம் பி.காம். லேப் டிப் அப்ரூவல் (சாய மாதிரிக்கு ஒப்புதல்), ஜி.எஸ்.எம். (துணியின் எடை அளவு), சைஸ் செட் சாம்பிள் என்று தினமும் ஐம்பது மெயிலாவது எழுதுகிறேன். அந்த ஆங்கிலத்தில் எனக்குப் பயமில்லை. ஸ்டைல் நம்பர், கலர், தேதி, அளவு சொன்னால் வேலை முடிந்துவிடும்.

பயம் வந்தது போன மாசி மாதம். ஏழு வருடமாக எங்களுடன் இருக்கிற ஓர் ஐரோப்பிய பையர் 18,400 டாலர் அனுப்பிவிட்டதாக எழுதினார். எங்கள் வங்கியில் வரவில்லை. விசாரித்தால், எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆளின் பெயரில் யாரோ அவருக்கு மெயில் போட்டு, "பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். மெயில் முகவரியில் எங்கள் கம்பெனிப் பெயரில் வரும் 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சின்ன எழுத்தில் பார்த்தால் எம் மாதிரியே இருக்கிறது. எங்கள் இன்வாய்ஸ், லோகோ, கீழே போடும் கையெழுத்து எல்லாம் அப்படியே இருந்தது.

எம்.டி. அன்றைக்கு வெளியூரில் இருந்தார். பையர் மெயில் மேல் மெயில் போட்டார். நான் பதற்றத்தில் ஒரு வரி எழுதினேன்: "வீ ஆர் வெரி சாரி ஃபார் தி ஃப்ராட் ஹேப்பண்ட் ஃப்ரம் அவர் சைட்." என் மனசில் ஓடியது, "நம்ம சைடுல இப்படி ஆகிப்போச்சே, ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்பதுதான். இரண்டு நாள் கழித்து அவர்களுடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. மோசடி எங்கள் பக்கத்திலிருந்து நடந்ததாக நாங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்று என் வரியை மேற்கோள் காட்டியிருந்தார்கள். 'இம்பர்சனேஷன்', 'மிஸ்அப்ராப்ரியேட்டட்', 'அலெஜ்டு', 'லயபிலிட்டி' (சட்டப் பொறுப்பு), மேலே கொட்டை எழுத்தில் 'விதவுட் ப்ரெஜுடிஸ்'. அகராதி பார்த்தேன். ஆள்மாறாட்டம், கையாடல் என்று அர்த்தம் இருந்தது. அர்த்தம் தெரிந்தும், எந்தச் சொல்லை எங்கே வைத்தால் யார் தலையில் விழும் என்று தெரியவில்லை. கடைசியில் அந்தத் தொகையில் பாதியை அடுத்த இரண்டு ஆர்டரில் கழித்துக் கொடுத்துத்தான் முடித்தோம். எம்.டி. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

இது ஒரு பக்கம். எல்.சி. ஆர்டர்கள் (காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி உறுதிக் கடிதம் கொடுக்கும் ஆர்டர்கள்) இனிமேல் நான்தான் பார்க்க வேண்டும், அதன் ஆங்கிலம் தனி பாஷையாக இருக்கிறது. அதோடு சித்திரையிலிருந்து என் கீழே ஆறு பேர். திங்கட்கிழமை பையிங் ஆபீஸ் (பையருக்காக வேலை பார்க்கும் அலுவலகம்) கால்-இல், "ஹூ இஸ் அக்கவுண்டபிள் ஃபார் திஸ் டிலே?" என்று கேட்டார்கள். "கட்டிங் டிபார்ட்மென்ட்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் சொன்னது உண்மைதான், ஆனால் ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது.

செல்போன் ஆப் இரண்டு போட்டுப் பார்த்தேன். நெட்டில் கிடைத்த பட்டியலிலிருந்து இருநூறு வார்த்தைகளை நோட்டில் எழுதினேன். எழுத உட்காரும்போது ஒன்றுகூட கைக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போக எட்டரை ஆகிவிடும், பாப்பா தூங்கிய பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் இந்த மூன்றையும் பழக வழி சொல்லுங்கள்.

முத்துநகர் டாக்ஸ் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த இருநூறு வார்த்தை நோட்டை மூடி வையுங்கள். தூத்துக்குடியில் 31 வருடமாக ஏற்றுமதி டாக்குமென்ட் பார்க்கிறவன் நான். இந்தத் தொழிலில் சொல் தனியாக வருவதில்லை, எப்போதும் ஒரு காகிதத்தின் மேல் உட்கார்ந்துதான் வரும். காகிதத்தோடு சேர்த்துப் படித்தால்தான் ஒட்டும்.

உங்கள் ஆபீசில் பணம் வந்து முடிந்துபோன ஓர் ஆர்டரின் ஃபைலை எடுங்கள். பையரின் முதல் விசாரிப்பு மெயிலிலிருந்து வங்கியின் கிரெடிட் அட்வைஸ் (பணம் வரவான அறிவிப்பு) வரைக்கும் முப்பது நாற்பது காகிதம் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு காகிதம். புரியாத சொல்லை எழுதி, பக்கத்தில் அகராதி அர்த்தம் எழுதுங்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, இந்தச் சொல்லால் யாருக்கு என்ன கடமை வருகிறது என்று எழுதுங்கள். அந்த மூன்றாவது கட்டம்தான் உங்களுக்கு மாசி மாதம் இல்லாமல் போனது.

எல்.சி. தனி பாஷை என்றீர்கள், அது நிஜமாகவே அப்படித்தான். யூ.சி.பி. 600 என்று ஒரு விதித் தொகுப்பு, சர்வதேச வர்த்தகச் சபை வெளியிட்டது, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மொத்தம் 39 பிரிவுகள். அதில் 3-ஆம் பிரிவை மட்டும் ஒரு வாரம் படியுங்கள். சாதாரண ஆங்கிலச் சொற்களுக்கு அங்கே கணக்குப் போட்டு அர்த்தம் கொடுத்திருக்கிறார்கள். ஷிப்மென்ட் 'ஆன் ஆர் அபவுட்' ஜூன் 10 என்றிருந்தால், முன்னால் ஐந்து நாள், பின்னால் ஐந்து நாள். ஜூன் 5 முதல் 15 வரை எந்த நாளும் சரி. 'அன்டில்' மார்ச் 15 என்றால் 15-ஆம் தேதியும் சேர்ந்தது. 'பிஃபோர்' மார்ச் 15 என்றால் 14-ஆம் தேதியோடு கதை முடிந்தது. நம் ஊரில் "பதினஞ்சுக்குள்ள அனுப்பிடுறேன்" என்றால் பதினைந்தும் சேர்த்தியா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வங்கி கேட்கும். 2011-இல் எங்கள் கட்சிக்காரர் ஒருவருக்கு எல்.சி.யில் 'பிஃபோர்' என்றிருந்தது, பி.எல்.-இல் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதில்) ஆன்-போர்டு தேதி, அதாவது கப்பலில் ஏற்றிய தேதி, சரியாக அதே தேதி. ஒரே ஒரு நாள்தான். வங்கி டிஸ்கிரெபன்சி (எல்.சி.யோடு காகிதம் ஒத்துப்போகவில்லை) என்று நிறுத்தியது, பையர் நான்கு சதவீதம் தள்ளுபடி வாங்கிக்கொண்டுதான் டாக்குமென்டை ஏற்றார். சரக்கில் ஒரு நூல்கூடக் குறை இல்லை.

அதே பிரிவில் இன்னொன்று: 'ப்ராம்ப்ட்', 'இம்மீடியட்லி', 'ஆஸ் சூன் ஆஸ் பாஸிபிள்' இந்த மூன்றையும் வங்கி கண்டுகொள்ளாது, ஏதாவது ஒரு டாக்குமென்டில் அந்தச் சொல் இருந்தே ஆக வேண்டும் என்று எல்.சி. கேட்டாலொழிய. நாம் மெயிலில் அதிகம் போடுவது இந்த மூன்றைத்தான். மாதத்தின் 'பிகினிங்' என்றால் 1 முதல் 10, 'மிடில்' 11 முதல் 20, 'எண்ட்' 21 முதல் கடைசி நாள். இந்த அர்த்தங்கள் எல்.சி.க்கு உள்ளேதான். பையருக்குச் சாதாரண மெயிலில் எழுதும்போது இவற்றை விட்டுவிட்டுத் தேதியையே எழுதுங்கள்.

30-ஆம் பிரிவு உங்கள் திருப்பூருக்கு முக்கியம். அளவுக்கு முன்னால் 'அபவுட்' அல்லது 'அப்ராக்ஸிமேட்லி' இருந்தால் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஐந்து சதவீதம் கூடக் குறைய விடலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது, எல்.சி. தொகையைத் தாண்டாத வரைக்கும். ஆனால் பீஸ் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ அளவு சொல்லியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. நூலைக் கிலோவில் அனுப்புகிறவருக்கு உண்டு, டி-ஷர்ட்டை பீஸில் அனுப்புகிற உங்களுக்கு இல்லை. 20,000 பீஸ், பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது என்று எல்.சி., செக்கிங்கில் 200 பீஸ் கழிந்து 19,800 போகிறது என்றால் நீங்கள் மாட்டுவீர்கள். பி.ஓ. (பையரின் ஆர்டர் காகிதம்) போடும்போதே கூடக் குறைய எத்தனை சதவீதம் என்று எல்.சி.யில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் அது நூறு வார்த்தை மனப்பாடம் செய்ததற்குச் சமம்.

கடிதத்தில் நம் பழைய வழக்குகளைக் குறையுங்கள். 'டூ தி நீட்ஃபுல்' என்றால் எதைச் செய்ய வேண்டும் என்று வெளிநாட்டுக்காரருக்குத் தெரியாது. எதைச் செய்ய வேண்டுமோ அதை எழுதுங்கள். 'ரிவர்ட்' என்பதை நாம் பதில் போடு என்று புழங்குகிறோம், இங்கிலாந்தில் பழைய நிலைக்குத் திரும்புவது என்றே முதலில் படும். 'ரிப்ளை' போதும்.

குற்றச் சொல்லில் எங்கள் துறைமுக வேலைக்கு ஒன்றே ஒன்று: பெட்டியைப் பிரித்துப் பத்துப் பீஸ் உருவிவிட்டு மறுபடி டேப் ஒட்டியிருந்தால் அது 'பில்ஃபரேஜ்'. 'ஷார்ட்டேஜ்' என்று எழுதிவிட்டால் நீங்கள்தான் குறைவாக அனுப்பினீர்கள் என்று படிப்பார்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் எழுதும்போது இது மிக முக்கியம். மற்றதை வக்கீல்கள் யாராவது சொல்லட்டும்.

கோவை கோர்ட் வாசல் எழுதியது:

வக்கீல்தான், சொல்கிறேன். மேலே அண்ணன் சொன்ன மூன்றாவது கட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், குற்றச் சொற்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

தமிழில் திருட்டு, மோசடி, கையாடல் மூன்றையும் பேச்சில் கலந்துதான் விடுகிறோம். சட்ட ஆங்கிலத்தில் பொருள் எப்படிக் கைமாறியது என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது. உங்களுக்குத் தெரியாமல், சம்மதம் இல்லாமல் எடுத்தால் 'தெஃப்ட்'. பயமுறுத்தி உங்கள் கையாலேயே கொடுக்க வைத்தால் 'எக்ஸ்டார்ஷன்'. அடித்தோ, உடனே அடிப்பேன் என்று மிரட்டியோ பறித்தால் 'ராபரி'. நீங்கள் நம்பி ஒப்படைத்ததை அவர் தனக்கென்று வைத்துக்கொண்டால் 'கிரிமினல் பிரீச் ஆஃப் டிரஸ்ட்'. அமெரிக்கக் கடிதங்களில் இதற்கு நெருக்கமாக 'எம்பெசில்மென்ட்' என்று வரும். பொய் சொல்லி நம்பவைத்து நீங்களே மனசாரக் கொடுக்கும்படி செய்தால் 'சீட்டிங்'. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து கொள்ளையடித்தால் இந்தியச் சட்டத்தில் 'டெக்காய்ட்டி'. அது நம் நாட்டுச் சொல், ஐரோப்பிய பையருக்கு எழுதாதீர்கள், புரியாது.

உங்கள் பையருக்கு நடந்தது சீட்டிங். இன்னும் சரியாகச் சொன்னால், வேறொருவராக நடித்து ஏமாற்றியது. வெளிநாட்டுக் கடிதத்தில் 'இம்பர்சனேஷன்' என்பார்கள், நம் சட்டத்தில் 'பர்சனேஷன்'. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும், அதில் சீட்டிங் 318, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 319. கம்ப்யூட்டர் வழியாகச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-யும் சேரும். பழைய 420 என்ற எண் பேச்சுவழக்கில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும், கடிதத்தில் எழுதாதீர்கள்.

இதில் ஏமாந்தவர் பையர், பெயர் திருடு போனது உங்களுக்கு. பணம் அனுப்பியவர் அவர் நாட்டு வங்கியிடம் உடனே 'ரீகால்' (அனுப்பிய பணத்தைத் திரும்ப அழைப்பது) கேட்க வேண்டும், அங்கே போலீசிலும் சொல்ல வேண்டும். நீங்கள் இங்கே தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் உங்கள் பெயரில் ஆள்மாறாட்டம் நடந்ததாகப் புகார் கொடுத்து, அந்த எண்ணை அவருக்கு அனுப்ப வேண்டும். உங்கள் சொந்தப் பணம் இப்படிப் போனால் 1930-க்குப் போன் செய்யுங்கள். மணிக்கணக்கு அதில் முக்கியம்.

இனி உங்கள் அந்த ஒரு வரி. 'சாரி' நம் வாயில் அனுதாபம். சாவு வீட்டிலும் அதைத்தான் சொல்கிறோம். தகராறு வந்த பிறகு எழுதும் கடிதத்தில் 'வீ அப்பாலஜைஸ் ஃபார்' என்றால், அந்த 'ஃபார்' என்பதற்குப் பின்னால் வருவதை நீங்கள் செய்ததாகப் படிக்க இடம் கொடுக்கிறீர்கள். 'வீ ரிக்ரெட் டு லேர்ன் தட்' என்றால் கேள்விப்பட்டு வருந்துகிறோம் என்று மட்டும்தான். அதற்குமேல் 'ஃப்ரம் அவர் சைட்' போட்டது இன்னும் கனம். நம் 'சைடுல' என்பது இடத்தைச் சொல்கிறது, ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' புறப்பட்ட இடத்தைச் சொல்கிறது. 'பர்போர்ட்டிங் டு பி ஃப்ரம் அஸ்' என்று ஒரு தொடர் இருக்கிறது, எங்களிடமிருந்து வந்ததாகக் காட்டிக்கொண்ட என்று பொருள். உங்களுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அதுதான்.

'அலெஜ்டு' என்றால் இன்னும் நிரூபணம் ஆகாதது. யார் மேல் சந்தேகம் இருந்தாலும் இந்தச் சொல் இல்லாமல் பெயர் எழுதாதீர்கள், அவதூறு என்று திரும்பி வரும். 'விதவுட் ப்ரெஜுடிஸ்' என்றால், சமரசத்துக்காக இந்தக் கடிதத்தில் சொல்வதை நாளைக்குக் கோர்ட்டில் என் ஒப்புதலாகக் காட்டக் கூடாது என்ற நிபந்தனை. அது மேலே இருந்தால் எதிர்த்தரப்பு பேசித் தீர்க்கத் தயார் என்றும் அர்த்தம். அப்படி ஒரு கடிதம் வந்த அன்றே, பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கரூர் தறி எழுதியது:

நான் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி. பதினான்கு பேர் டீம். உங்கள் திங்கட்கிழமைக் கதை எனக்கும் நடந்தது, அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில்.

பொறுப்பு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். வேலையைச் செய்ய வேண்டியவர் 'ரெஸ்பான்ஸிபிள்', கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் 'அக்கவுண்டபிள்'. துணியை வெட்டுவது கட்டிங் மாஸ்டர். ஆனால் பையரிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அவர்கள் உங்களிடம் "யார் செய்தார்கள்" என்று கேட்கவில்லை, "யாரிடம் நாங்கள் பேச வேண்டும்" என்றுதான் கேட்டார்கள். உதாரணத்துக்கு, "ஐ ஆம். தி ஃபேப்ரிக் கேம் டூ டேஸ் லேட் ஃப்ரம் டையிங். வீ வில் ஷிப் ஆன் தி ட்வென்டி-செகண்ட்" என்றால் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார்கள். சாயப்பட்டறை தாமதம் என்ற காரணமும் சொல்லியாகிவிட்டது, யாரையும் முன்னால் தள்ளிவிடவும் இல்லை.

அப்புறம் ஒன்று. நாம் தமிழில் "இத பண்ணிருங்க" என்கிறபோது மரியாதை அந்த 'ங்க'வில் இருக்கிறது. அதையே மனசில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் "யூ ஃபினிஷ் திஸ் டுடே" என்று எழுதினால் 'ங்க' கழன்று விழுந்துவிடுகிறது, வெறும் கட்டளைதான் போய்ச் சேர்கிறது. ஆங்கிலத்தில் மரியாதை 'குட் யூ', 'வுட் யூ'-வில் இருக்கிறது. டீமுக்கு மெயில் எழுதியதும் "என் 'ங்க' எங்கே இருக்கிறது?" என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு என் டீமில் இரண்டு பேருக்கு இருந்த மனத்தாங்கல் தீர்ந்தது.

'எஸ்கலேட்' என்ற சொல்லையும் இப்போதே சரியாகப் பழகுங்கள். அது கோள் மூட்டுவது இல்லை. என் கையில் தீராததை, தீர்க்கக்கூடியவரிடம் நேரத்துக்குக் கொண்டு போவது. புதிதாக டீம் பார்க்கிறவர்கள் இந்தக் கூச்சத்தில்தான் இரண்டு நாள் வீணாக்குகிறோம்.

நொய்யல்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றிங்க. பதினைந்து நாளாக ஃபைல் படிக்கிறேன். முதலில் எடுத்தது அந்த மாசி மாத ஃபைல்தான். கஷ்டமாக இருந்தது, ஆனாலும் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. மூன்றாவது கட்டத்தில் என் வரியின் 'ஃப்ரம்' என்ற சொல்லுக்கு எதிரே '9,200 டாலர்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று எங்கள் பி.ஓ. ஒன்றுக்கு வந்த எல்.சி.யில் பீஸ் கணக்குதான் இருந்தது, சதவீதம் இல்லை. திருத்தம் கேட்டு எழுதினேன், ஐந்து சதவீதம் கூடக் குறைய என்று சேர்த்துக் கொடுப்பதாக இன்று காலை பதில் வந்துவிட்டது. டீமில் இருக்கிற தங்கச்சி ஒருத்தியிடம், 'ங்க' தேடும் விஷயத்தைச் சொன்னேன். அவள் தான் எழுதிய மெயிலில் நான்கு இடத்தில் அது இல்லாததைக் கண்டுபிடித்தாள்.

அன்றைக்கு எழுதியிருக்க வேண்டிய மெயிலை இப்போது எழுதிப் பார்த்தேன், திருத்திக் கொடுங்கள்: "வீ ரிக்ரெட் டு லேர்ன் தட் யூ ரிசீவ்டு அ மெயில் பர்போர்ட்டிங் டு பி ஃப்ரம் அஸ். வீ டிட் நாட் சென்ட் இட். அவர் பேங்க் டீடெயில்ஸ் ஹேவ் நாட் சேஞ்ச்ட். ப்ளீஸ் ஆஸ்க் யுவர் பேங்க் டு ரீகால் தி பேமென்ட் டுடே. எனி ஃப்யூச்சர் சேஞ்ச் வில் பி இன்டிமேட்டட் பை மெயில்."

முத்துநகர் டாக்ஸ் எழுதியது:

முதல் நான்கு வரியில் கை வைக்க மாட்டேன். கடைசி வரியை எடுத்துவிடுங்கள். 'இன்டிமேட்' நம் ஆபீஸ் வழக்கு, வெளியே அந்தச் சொல் நெருக்கமான உறவுக்குத்தான் அதிகம் புழங்கும், 'இன்ஃபார்ம்' போதும். அதைவிடப் பெரியது, மாற்றத்தை மெயிலில் சொல்வோம் என்று எழுதினால் அந்தத் திருடனுக்கே மறுபடி வழி விடுகிறீர்கள். இப்படி எழுதுங்கள்: "வீ வில் நெவர் சேஞ்ச் அவர் பேங்க் டீடெயில்ஸ் பை மெயில். இஃப் யூ ரிசீவ் சச் அ மெயில், ப்ளீஸ் கால் அஸ் ஆன் தி நம்பர் யூ ஆல்ரெடி ஹேவ்." மெயிலில் இருக்கிற நம்பருக்கு இல்லை, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு. அந்த 'ஆல்ரெடி'யை விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டு வரியையும் இனிமேல் எல்லா இன்வாய்ஸ் அடியிலும் அச்சடித்துவிடச் சொல்லுங்கள்.